உப்பும் பன்றியும் ஒரே கையில் இருந்த காலம்

பன்றியின் அடிவயிற்றுக் கறியை உப்பும் சர்க்கரையும் தேய்த்து ஊறப்போட்டு, புகை காட்டி, நாடா நாடாகச் சீவினால் பேக்கன். அந்த நாடாவைப் பூவாகச் சுருட்டி, மேலே பழுப்புச் சர்க்கரையும் மிளகுத்தூளும் தூவி, ஏர் ஃப்ரையரில் மொறுமொறுப்பாக்கி விருந்துத் தட்டில் அடுக்குவது இப்போதைய மோஸ்தர். அந்தக் கருவியை பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது 2010-ல்தான். இதையெல்லாம் வெள்ளைக்காரத் தீனி, நம் நாக்குக்கு ஒவ்வாதது என்று தள்ளிவிடுவது எளிது. இனிப்பையும் கறியையும் ஒரே வாயில் போடுவது தமிழருக்கு ஆகாது, பன்றி என்றால் இன்னும் ஆகாது என்பார்கள். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் பழைய செய்திகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்த முடிவு நிற்காது. பன்றிக்கறிக்கு உப்பிட்டுப் பதப்படுத்தும் தொழில் இங்கே வளராமல் போனதற்கு நாக்கையும் சாமியையும் விட, உப்பின் மேல் விழுந்த வரியும் உப்பு சுமந்த மக்களுக்கு நேர்ந்த கதியும் பெரிய காரணம் என்பது என் கட்சி.

முதலில் சரக்கைப் பார்ப்போம். முண்டியம்பாக்கத்தில் இருப்பது ராஜஸ்ரீ சர்க்கரை ஆலை. சுற்றுவட்டாரக் கரும்பு அங்கேதான் அரவைக்குப் போகிறது. கரும்புக்கு முன்னால் இந்த மண்ணின் இனிப்பு பனையிலிருந்து வந்தது. முண்டியம்பாக்கத்துக்கு அடுத்த பனையபுரம்தான் சம்பந்தர் பாடிய புறவார் பனங்காட்டூர். ஊர்ப் பெயரிலும் பனை, கோயிலின் தல மரமும் பனை. கிழக்கே கடலோரம் போனால் மரக்காணம் உப்பளங்கள். இனிப்புக்கும் உப்புக்கும் வெளியூரை எதிர்பார்க்க வேண்டிய நிலை இந்த வட்டாரத்துக்கு எந்தக் காலத்திலும் இல்லை.

பன்றிக்கும் பஞ்சமில்லை. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கடற்கரைப் பக்கம் கள் காய்ச்சும் வீடுகள் வருகின்றன. கழுவி ஊற்றிய நீர் முற்றத்தில் சேறாகி, அதில் பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. அவற்றில் ஓர் ஆண் பன்றியை மட்டும் பிரித்து, பிணவோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்மா தீற்றிப் பல நாள் கொழுக்க வைத்து, அதன் நிணமுள்ள கறியைப் பாணருக்குக் கள்ளோடு கொடுக்கிறார்கள். குப்பை மேய்ந்து திரிந்ததை அடித்துத் தின்ற கதை இல்லை இது. கொழுப்பின் அருமை தெரிந்து, தீனியைக் கணக்குப் பார்த்து வளர்த்த வளர்ப்பு. அதே நூலில் கருப்பஞ்சாறு காய்ச்சும் ஆலைகளைப் புகை சூழ்ந்திருக்கிறது. எயினர் குடியிருப்பில் வாடூன், அதாவது உலர்த்திய இறைச்சி, சோற்றோடு வருகிறது. செங்கம் பக்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாமோ, வழியில் கிடைக்கும் காட்டுப்பன்றியைப் புகைநாற்றம் ஏறாமல் மூங்கில் தீயில் வாட்டித் தின்னச் சொல்கிறது. ஐரோப்பியர் புகையைத் தேடிப்போய் ஏற்றிய கறியில், நம்மவர் புகை ஏறக்கூடாது என்று கவனமாக இருந்திருக்கிறார்கள். ருசி பற்றிய தீர்மானமான கருத்து இருந்தவர்களுக்குத்தான் இப்படிச் சொல்லத் தோன்றும்.

இந்த வட்டாரத்துக்கென்றே உள்ள நூல் சிறுபாணாற்றுப்படை. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடியவர் நல்லூர் நத்தத்தனார். மன்னனுடைய கிடங்கில் என்ற ஊர் இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே கிடங்கால் என்ற பெயரில் இருக்கிறது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். அங்கே பாணருக்குக் கிடைப்பது உலர்ந்த குழல்மீன் சூடு. அதே நாட்டு வேலூரில் புளிச்சோற்றோடு ஆமான் சூடு, அதாவது சுட்ட காட்டுப்பசுக் கறி. ஆமூரில் நண்டுக் கலவை. உமணரின் உப்பு வண்டிகளும் அதே பாட்டில் வரிசையாகப் போகின்றன. கடற்கரையில் உலர்த்தல், உள்நாட்டில் சுடுதல், இரண்டுக்கும் நடுவே உப்பு வண்டி என்பதுதான் இந்த நாட்டின் உணவுப் பாதை.

கறியில் இனிப்பு சேர்ப்பது அன்னிய வழக்கம் என்பவர்களுக்குப் பதிலாகப் பெரியபுராணமே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய கண்ணப்பர் வரலாற்றில் திண்ணனார் பன்றி இறைச்சியைக் கோலில் கோத்துத் தீயில் காய்ச்சி, வாயில் போட்டுப் பதம் பார்த்து இறைவனுக்குப் படைக்கிறார். பின்னொரு நாள் பல விலங்குகளின் கறியோடு தேனையும் கலந்து கொண்டுவந்து, இது தித்திக்கும் என்று சொல்லியும் படைக்கிறார். கதை நடப்பது காளத்தியில், அது வேடர் மரபு, பொது வழக்கத்துக்குச் சான்றாகாது என்று சிலர் மறுக்கலாம். சரிதான், புராணத்தைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எழுதியவர் குன்றத்தூர்க்காரர். கேட்டவர்கள் சோழநாட்டு அவையினர். அந்த அவையில் எச்சிற்படுத்திய கறியைச் சாமிக்கு வைத்ததுதான் அபசாரமாகத் தெரிய வேண்டும். தேன் கலந்தது அன்பின் மிகுதியாகவே சொல்லப்படுகிறது. தேனும் கறியும் சேர்ந்தால் குமட்டும் என்று நினைத்த சமூகத்துக்கு ஒரு புலவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

அடுத்த மறுப்பு வெயில். விழுப்புரத்துச் சித்திரையில் பன்றிக்கொழுப்பு ஒரே நாளில் காறிப்போகும், ஆகவே பேக்கன் குளிர்நாட்டுக்கே உரியது என்பது. இதில் உண்மை உண்டு. ஆட்டுக்கறி உப்புக்கண்டமாகி வருஷம் தாங்குவதற்கு அதில் கொழுப்பு குறைவாக இருப்பதும் ஒரு காரணம். ஆனால் நம்மைவிட ஈரக்காற்று அதிகமுள்ள கோவாவில் வினாகிரியும் மிளகாயும் உப்பும் சேர்த்த சோரிசோ, மழைக்காலத்துக்கென்றே கட்டித் தொங்கவிடப்படுகிறது. வெயிலுக்கு ஏற்ற பக்குவத்தை மனிதர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள். அதற்கு அவர்களிடம் தாராளமாக உப்பு இருக்க வேண்டும். பதப்படுத்திய சரக்கை வாங்க ஒரு சந்தையும் வேண்டும்.

இந்த இரண்டும் போன விதத்தில்தான் என் வாதம் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1805-ல் சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அதன் பிறகு உப்பின் விலையில் பெரும்பங்கு வரி. அதே ஆட்சியாளர்களின் சொந்த நாடான இங்கிலாந்தில் உப்பு வரி 1825-ல் ஒழிந்தது. அங்கே வில்ட்ஷயரின் கால்ன் ஊரில், அயர்லாந்திலிருந்து பிரிஸ்டல் துறைமுகத்தில் இறங்கி லண்டனுக்கு நடந்துபோன பன்றி மந்தைகளை வழிமறித்து வாங்கி, ஹாரிஸ் குடும்பம் பேக்கன் தொழிலைப் பெருக்கிக்கொண்டிருந்தது. வரி கறியைப் பதப்படுத்துவதைப் பாதிக்குமா, ஒரு வீட்டுக்கு எவ்வளவு உப்புதான் வேண்டும் என்று கேட்கலாம். இதற்கு அரசாங்கமே பதில் சொல்லிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணக் கடற்கரையில் மீன் பதனிடும் நிலையங்களைத் திறந்து, வரியில்லாத உப்பை மீனவர்களுக்கு அங்கேயே கொடுத்தார்கள். வரி உப்பில் கருவாடு போட்டுக் கட்டுப்படியாகாது என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. கருவாட்டுக்கு வழி பிறந்தது. கறிக்கு அப்படியொரு நிலையம் யாரும் திறக்கவில்லை.

மரக்காணம் போன்ற அளங்களிலிருந்து உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியத்துக்கு மாற்றிக்கொண்டு திரும்பிய மக்களில் முக்கியமானவர்கள் குறவர்கள். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் உப்புக் குறவர் என்ற பிரிவே பதிவாகியிருக்கிறது. பன்றி வளர்ப்பும் அவர்கள் தொழில்களில் ஒன்று. சங்க கால உமணரும் இவர்களும் ஒரே மரபு என்று நான் சொல்ல வரவில்லை. சுமந்த சுமை ஒன்று, அவ்வளவுதான். உப்பும் பன்றியும் ஒரே கையில் இருந்தன என்பதே கவனிக்க வேண்டியது. ஏகபோகம் வந்ததும் அளத்தில் அவர்களுக்கு இருந்த பிடி தளர்ந்தது. ரயில் வந்ததும் பாதையும் போயிற்று. 1870-களில் விழுப்புரம் வழியாகத் தென்னிந்திய ரயில்வே தடம் விழுந்தது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கும் தண்டவாளம் போனது. பொதிமாடு பல நாள் நடந்த தூரத்தை உப்பு மூட்டை ஒரு பகலில் கடந்தது. அதற்குப் பின்னால் நடந்ததை வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா 2001-ல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்: பிழைப்பு பறிபோய் அலைந்தவர்களையே சந்தேகக் கண்ணால் பார்த்த அரசு, 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் குறவர்களைக் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்தில் அது நீங்க 1947 ஆயிற்று. இந்திய உப்பு வரி ஒழிந்ததும் அதே ஆண்டில்தான்.

குறவர்கள் பேக்கன் போட்டு விற்றார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கால்னில் ஒரு கசாப்புக் குடும்பம் முதலாளியாவதற்கு இருந்த தோதுகளில் உப்பும் பன்றியும் வழித்தடமும் இங்கே ஒரு குடியிடம் இருந்தன. அந்தக் குடியைப் போலீஸ் பதிவேட்டில் கைநாட்டு வைக்கச் சொன்னது அரசு. பன்றியின் மேல் ஒட்டிய இழிவும் பெரும்பாலும் அதை வளர்த்தவர்கள் மேல் ஏற்றப்பட்ட இழிவுதான். சைவ உணவின் செல்வாக்கும் இஸ்லாமியர் விலக்கும் இதில் சேரும். ஆனால் ஆடும் கோழியும் மீனும் தின்னும் பெரும்பான்மைக்குச் சமயம் பன்றியை மட்டும் விலக்கியது என்பது பொருந்தாது. மூலத்துக்கு நல்லது என்று ஒளித்து வாங்கித் தின்பவர்களும் இருக்கிறார்களே.

விடுதலைக்குப் பிறகு பன்றி வேறு வழியாகத் திரும்பி வந்தது. செங்கல்பட்டுப் பக்கம் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர் வழியில் தானுவாஸ் கேபிஎம் கோல்டு என்ற கலப்பினத்தை உருவாக்கியிருக்கிறது. சாலையோரக் கடைப் பலகைகளில் வெண்பன்றி என்று எழுதுகிறார்கள். நிறத்தைச் சொல்லிச் சந்தேகத்தைப் போக்கும் வியாபாரத் தந்திரம் அது. ஆனால் அந்தக் கடைகளில் கறி இன்னும் தோலும் எலும்பும் கொழுப்புமாகத் துண்டு போட்டே நிறுக்கப்படுகிறது. அடிவயிற்றைப் பலகையாக அறுத்தெடுத்து, குளிரில் இறுக்கி, தாள் கனத்துக்குச் சீவும் கசாப்பு வேலை அங்கே பழக்கத்துக்கு வரவில்லை. அதனால் திண்டிவனத்தில் ஒருவர் ஏர் ஃப்ரையர் வாங்கி வைத்துப் பன்றிக்கறிப் பூச் சுருட்ட நினைத்தால், கருப்பட்டிக்கும் உப்புக்கும் கறிக்கும் அலைய வேண்டியதில்லை. சுருட்டுவதற்கான நாடாவுக்குத்தான் உறைபெட்டியில் வரும் வெளியூர்ப் பொட்டலத்தை நம்பியிருக்க வேண்டும்.