நியாயமான சம்பளம்: அளவுகோல் யார் கையில்?

இலங்கையில் சம்பளம் பற்றிய விவாதம் ஓய்ந்திருந்த காலம் என்று ஒன்று இருந்ததில்லை. எனினும், 2024ஆம் ஆண்டு அந்த விவாதத்தின் மூன்று முகங்களை அருகருகே நிறுத்திக் காட்டியது. ஆண்டின் தொடக்கத்தில், மத்திய வங்கி அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் சுமார் 70 சதவீதம் வரை சம்பளம் உயர்த்தப்பட்ட செய்தி வெளியாகிப் பாராளுமன்றத்தில் பெரும் சர்ச்சையை எழுப்பியது. மே மாதத்தில், பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபாவாக்கப்படும் என்று மேதின மேடையில் அறிவிக்கப்பட்டது. ஜூன் 26ஆம் திகதி, தங்கள் சம்பள முரண்பாட்டில் எஞ்சியிருந்த மூன்றில் இரண்டு பங்கைக் கேட்டுக் கொழும்பில் திரண்ட ஆசிரியர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது.

இந்த மூன்று செய்திகளும் வெவ்வேறு பக்கங்களில், வெவ்வேறு நிருபர்களால் எழுதப்பட்டவை. நாடு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று அறிவித்த பின், பொருட்களின் விலை ஏறியது எல்லோருக்கும் பொதுவானதே. அரிசியும் மண்ணெண்ணெயும் வங்கி அதிகாரிக்கு ஒரு விலையும் கொழுந்து பறிப்பவருக்கு வேறு விலையுமாக விற்கப்படவில்லை. அவ்வாறிருக்க, நிவாரணம் ஒருவருக்கு விரைந்தும், ஒருவருக்குத் தவணை தவணையாகவும், இன்னொருவருக்கு நீதிமன்ற வாசலில் தடைபட்டும் வந்தது ஏன்? இதற்கு விடை காண நூறாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இலங்கையில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற எண்ணம் முதன்முதலில் சட்டமானது தோட்டத் தொழிலாளருக்காகவே. துண்டு முறையினால் கங்காணியின் கடனில் கட்டுண்டு கிடந்த அந்த மக்களின் நிலை, அக்கால இந்திய அரசாங்கத்தின் கவனத்தை ஈர்த்தது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1922இல் இந்தியா நிறைவேற்றிய குடியகல்வுச் சட்டத்தின் பின், தொழிலாளரை அனுப்புவதானால் அவர்களுக்கு உரிய ஊதியத்துக்கு உத்தரவாதம் வேண்டுமென்ற நெருக்குதல் ஏற்பட்டது. அதன் விளைவே 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். அது 1929இல் நடைமுறைக்கு வந்தபோது, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நாட்சம்பளம் விதிக்கப்பட்டது.

அந்த மூன்று எண்களையும் வாசகர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். பிள்ளைக்கும் ஒரு சம்பள விகிதம் இருந்தது. அதாவது பிள்ளை வேலை செய்வது எதிர்பார்க்கப்பட்டது. பெண் பறிக்கும் கொழுந்திலேயே தேயிலைத் தொழில் நின்றது. ஆயினும் அவளுக்கு ஆணின் சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே கிடைத்தது. ஆணும் பெண்ணும் சமமாகச் சம்பளம் பெறுவதற்கு 1984 வரை, அதாவது 55 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அதுவும் ஒரு வேலைநிறுத்தத்தின் பின்னரே கிட்டியது.

இருந்தும் அச்சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. தொழிலாளி உயிர்வாழ என்ன தேவை என்பதே அதன் அளவுகோல். அரிசியின் விலை அதிலே ஒரு முக்கிய இடம் பெற்றது. ஆனால் அந்த அளவுகோல் தொழிலாளியின் கையில் இருக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தினால் தேயிலை விலை வீழ்ந்ததும், 1930களின் தொடக்கத்தில் அதே சம்பளம் குறைக்கப்பட்டது. பத்திரிகையாளராக இலங்கை வந்து, 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய ஏடுகளின் மூலம் தொழிலாளருக்காக வாதாடிய கோ. நடேசய்யர், 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியது இந்தப் பின்னணியிலேயே. பேச்சுவார்த்தை மேசையில் தொழிலாளிக்கும் ஓர் ஆசனம் வேண்டுமென்பதே அவரது வாதத்தின் சாரம். அந்த ஆசனத்துக்கு விலை கொடுக்கப்பட்டது. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில், சம்பள உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின் நடுவே பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1941இன் 27ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், முதலாளிகளும் தொழிலாளரும் அரசு நியமிப்பவர்களும் கூடியிருந்து சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பள நிர்ணய சபைகளுக்கு வழி பிறந்தது.

நகரத்து எழுத்துவினைஞரும் அரச ஊழியரும் கண்ட வரலாறு வேறாக இருந்தபோதிலும் வேதனை ஒன்றுதான். 1947 ஜூன் 5ஆம் திகதி, வேலைநிறுத்த ஊர்வலத்தில் சென்ற எழுதுவினைஞர் கந்தசாமி சுட்டுக் கொல்லப்பட்டார். சரியாக 33 ஆண்டுகளின் பின், 1980இல் அதே நாளில், சோமபால என்ற தொழிலாளி கொழும்பில் நடந்த ஆர்ப்பாட்டத்தின்போது தாக்கப்பட்டு இறந்தார். அவ்வாண்டு ஜூலையில் வெடித்த பொது வேலைநிறுத்தத்தின் கோரிக்கை இன்றும் கருத்திற் கொள்ளத்தக்கது. மாதம் 300 ரூபா உயர்வு. அத்துடன் வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் 5 ரூபா. விலைவாசி ஏறும்போது, மீண்டும் தெருவில் இறங்காமலே சம்பளமும் ஏற வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அன்றைய அரசாங்கம் சுமார் 40,000 பேரை வேலையிலிருந்து நீக்கிப் பதிலளித்தது. அந்தக் கோரிக்கையும் அவர்களோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டது.

தோட்டங்களில் இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடு தோன்றியது. 1992இல் தோட்ட நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின், சம்பளத்தைக் கூட்டு ஒப்பந்தமே தீர்மானிக்கலாயிற்று. 2013ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். நாட்சம்பளம் 620 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. வருகைக் கொடுப்பனவு 140 ரூபா. விலைப்பங்குக் கொடுப்பனவு 30 ரூபா. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதத்துக்கு வராதவருக்கு அந்த 140 ரூபா இல்லை. காய்ச்சலில் கிடந்தவரும், பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவரும் அந்தக் கணக்கில் வராதவரே. பறிக்க வேண்டிய நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. 1929இல் அரிசியின் விலையோடு பேசப்பட்ட சம்பளம், இப்போது தேயிலையின் விலையோடும், மழையோடும், தராசோடும் பேசப்பட்டது. கம்பனியின் வியாபார அபாயத்தில் ஒரு பங்கு கொழுந்துக்கூடைக்குள் வந்து விழுந்தது.

1,000 ரூபாக் கோரிக்கையின் கதை இதையே மெய்ப்பித்தது. 2015இல் எழுந்த அக்கோரிக்கைக்கு, 2016இல் 730 ரூபாவும் 2019இல் 750 ரூபாவுமே கிடைத்தன. 2020 மார்ச் முதல் வழங்கப்படும் என்ற வாக்குறுதியும் நிறைவேறவில்லை. இறுதியில் 2021 மார்ச்சில், அரச பிரதிநிதிகளின் ஆதரவுடன் சம்பள நிர்ணய சபையின் வாயிலாகவே அது வந்தது. உடனே கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. கூட்டு ஒப்பந்தமும் இல்லாமற் போயிற்று. பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டது. 2024இன் 1,700 ரூபா வர்த்தமானிக்கும் ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபா உறுதியாயிற்று. உற்பத்தித்திறன் கொடுப்பனவு என்று சொல்லப்பட்ட 350 ரூபா காற்றோடு போயிற்று. மாதம் 25 நாள் வேலை என்று கொண்டால், அந்த 350 ரூபாவின் இழப்பு 8,750 ரூபா.

ஆசிரியர்களின் முரண்பாடு 1997ஆம் ஆண்டின் சம்பள மறுசீரமைப்பிலிருந்து தொடர்வது. 2021 ஜூலை 12ஆம் திகதி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிய அவர்கள் மூன்று மாதங்களுக்கு மேலாகப் போராடினர். சுபோதினி குழு பரிந்துரைத்ததில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியில் கிடைத்தது. குழு நியமிக்கப்பட்டது, அறிக்கை ஏற்கப்பட்டது, நியாயம் ஒப்புக்கொள்ளப்பட்டது. பணம் மட்டும் இல்லை என்று சொல்லப்பட்டது.

இனி மத்திய வங்கிக்கு வருவோம். 2023ஆம் ஆண்டின் புதிய சட்டம் அவ்வங்கிக்குச் சுயாதீனம் அளித்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்யப்படும் ஒப்பந்தத்தின்படி, அதன் ஆளுகைச் சபையே சம்பளத்தை அங்கீகரித்தது. திறமைசாலிகள் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்க வேண்டும் என்று வங்கி விளக்கமளித்தது. அந்த நியாயத்தை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால், ஆசிரியரும் நாட்டை விட்டு வெளியேறினார்கள். தோட்டத்து இளைஞரும் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் வெளியேறினார்கள். வெளியேற்றம் என்பது ஓரிடத்தில் சம்பள உயர்வுக்குக் காரணமாகவும், மற்ற இடங்களில் வெறும் புள்ளிவிபரமாகவும் கொள்ளப்பட்டது.

வேறுபாடு அளவுகோலை வைத்திருப்பவரில் இருக்கின்றது. வங்கி அதிகாரியின் சம்பளத்தை அவரது நிறுவனமே தீர்மானித்தது. ஆசிரியரின் சம்பளத்தைக் குழு ஒன்று தீர்மானிக்க, திறைசேரி தாமதப்படுத்தியது. தொழிலாளியின் சம்பளத்தை ஒரு சபை தீர்மானிக்க, கொடுக்க வேண்டியவரே அதை எதிர்த்து வழக்காடினார். மேசையிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறாரோ, அவ்வளவு காலம் அவர் காத்திருந்தார்.

2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக்கி, அரசின் பங்காக 200 ரூபா வருகை ஊக்குவிப்பும் சேர்த்து 1,750 ரூபா என அறிவித்தது. வரவேற்கலாம். எனினும் 'வருகை' என்ற பழைய சொல் மீண்டும் அதற்குள் அமர்ந்திருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அறிவிக்கப்படும் தொகை பெரிதாவதால் மட்டும் நீதி நிலைநாட்டப்படுவதில்லை. வாழ்க்கைச் செலவு ஏறும்போது சம்பளம் தானாக ஏறும் ஒரு பொது விதி, தோட்டத்துக்கும் பாடசாலைக்கும் வங்கிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 1980இல் வேலையிழந்தவர்கள் கேட்டது அதைத்தான். அந்தக் கேள்விக்கு இந்நாடு இன்னும் பதில் சொல்லவில்லை.