ஆடி, கண்ணாடி

‘கண்ணாடி உடைந்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால், எது என்று கேட்டாக வேண்டும். சன்னலா, மூக்கில் மாட்டுவதா, முகம் பார்ப்பதா? மூன்றில் மூத்தது முகம் பார்ப்பதுதான்.

பழைய சொல் வெறும் ‘ஆடி’. ‘ஆடு’ என்ற வினையிலிருந்து வந்ததாகவே எனக்குப் படுகிறது. நாம் அசைந்தால் உள்ளிருப்பதும் அசைகிறதே. குறுந்தொகையின் 8ஆம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் ‘ஆடிப்பாவை’யைக் கொண்டுவருகிறார். நம்மிடம் வாய் கிழியப் பேசியவன், வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் தாய்க்கு ஆடிப்பாவை ஆகிவிடுகிறான் என்று பரத்தை தலைவனைக் கேலி செய்கிறாள். சொந்தப் புத்தி இல்லாமல் கை தூக்கினால் கை, கால் தூக்கினால் கால். கண்ணாடி பொய் சொல்லாது என்று அடித்துப் பேசுகிறவர்கள் இவளிடம் பாடம் கேட்கலாம். பிம்பம் எவ்வளவு வெறுமையானது என்று அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

அந்தக் காலத்து ஆடி மெருகேற்றிய உலோகம். திருப்பாவையில் ஆண்டாள் கேட்கும் ‘தட்டொளி’யும் அந்த வகைதான். கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடி இன்றும் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, நாள்கணக்கில் தேய்த்தெடுக்கும் தகடு. அதன்மேல் நகத்தை வைத்தால் நகமும் பிம்பமும் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள், நடுவே ஓர் இடைவெளி தெரியும். பூச்சு பின்பக்கம் இருப்பதால் வரும் வினை அது. 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் வெள்ளிப் பூச்சுக்கு வழி கண்டபின் இத்தகைய கண்ணாடிகள் பெருகின. பூச்சிட்ட சில்லு உலோகத் தகட்டின் இடத்தைப் பிடித்தது, ‘கண்ணாடி’ என்ற பெயரையும் எடுத்துக்கொண்டது.

முகம் பார்க்கும் பொருளைத் தன்னைத் தேடும் பொருளாக்கியவர் கேரளத்துத் துறவி நாராயண குரு. இன்றைய குமரி மாவட்டத்து மருத்துவமலையில் தவமிருந்தவர் அவர். 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கமாகக் கல்லை நிறுவினார். கோயிலுக்குள் விடப்படாத மக்களுக்கு அன்று அது தேவைப்பட்டது. பிறகு காரமுக்குக் கோயிலில் சிலைக்குப் பதில் விளக்கு. 1927இல் சேர்த்தலை அருகே களவங்கோடத்தில் கருவறைக்குள் ஒரு கண்ணாடி. கும்பிட வந்தவர் தம்மையே பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. கல்லை நிறுவிய கை கண்ணாடிக்கு வந்து சேர 39 ஆண்டுகள் ஆயின. அடுத்த ஆண்டே குரு சமாதியானார்.