ஃபர்லோ விடுப்பில் ராஜினாமா: நோட்டீஸ் காலத்தைக் குறைக்க முடியுமா?

கொரோனா காலத்தில் பிரிட்டன் அரசு ஃபர்லோ திட்டத்தைக் கொண்டு வந்தது. வேலையின்றி வீட்டிலிருந்த ஊழியரை நிறுவனம் நீக்காமல் வைத்திருந்தால், தொடக்கத்தில் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் அதிகபட்சம் 2,500 பவுண்டு வரை அரசு கொடுத்தது. 2021 செப்டம்பர் 30 அன்று திட்டம் முடிந்தது.

விடுப்பில் இருக்கும்போதே வேறு வேலை கிடைத்தவருக்கு ஒரு சந்தேகம் எழும்: 'வேலைக்கே போகவில்லை, நோட்டீஸ் எதற்கு?'

விடுப்பு ஒப்பந்தத்தை முறிப்பதில்லை. ஒரு மாதம் பணியாற்றியவர் சட்டப்படி குறைந்தது ஒரு வாரம் நோட்டீஸ் தர வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கு மேல் இருந்தால் அதுவே பொருந்தும். சொல்லாமல் விலகுவது ஒப்பந்த மீறல்.

ஆனால் இரு தரப்பும் சம்மதித்தால் காலத்தைக் குறைக்கலாம். 2020 டிசம்பர் 1 முதல், நோட்டீஸ் நாட்களுக்கு நிறுவனம் அரசிடம் பணம் கோர முடியாமல் போனது. அந்தச் சம்பளம் முழுவதும் நிறுவனத்தின் கையிலிருந்தே போனது. எனவே சீக்கிரம் விடுவிப்பது அவர்களுக்கும் லாபம். கேட்பவர் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

கவனிக்க வேண்டியவை:

1. புதிய வேலை எழுத்தில் உறுதியாகும் முன் ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டாம்.

2. குறைக்கும் நாட்களுக்குச் சம்பளம் கிடைக்காமல் போகலாம். வீட்டு வாடகையைக் கணக்கிட்டுப் பேசுங்கள்.

3. ஃபர்லோவிலும் ஆண்டு விடுப்பு சேரும். எடுக்காத நாட்களுக்கான பணத்தைக் கேளுங்கள்.

4. கடைசி வேலை நாளை இரு தரப்பும் எழுத்தில் உறுதி செய்யட்டும். வாய்ச்சொல் பிறகு தகராறாகும்.

திட்டம் முடிந்தாலும், நோட்டீஸ் பற்றிய இந்தச் சட்டம் அங்கே இன்றும் நிற்கிறது.