மலையிறங்கக் கற்ற சைக்கிள்

குளத்தூர், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில், ஐப்பசி மழை பெய்த மறுநாள் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஓர் அனுபவம் பொது. நாலு தப்படி போவதற்குள் மண் டயரில் அப்பிக்கொள்ளும், மட்கார்டுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும், சக்கரம் சுற்றாது. ஒரு குச்சியை ஒடித்துச் சுரண்ட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நம்மைச் சுமக்க வாங்கிய வண்டியை நாமே சுமப்போம்!

கரிசல் மண்ணில் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் மிகுதி. அதன் நுண்ணிய தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பிப் பசைபோல் ஆகிறது. ஆனால் குற்றம் மண்ணின்மேல் மட்டுந்தானா? நமது சைக்கிள் சாலைக்கென்று வடிவமைக்கப்பட்டது. சாலை இல்லாத இடத்திற்கு எப்படிப்பட்ட சைக்கிள் வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடியவர்களின் கதைதான் மலைச் சைக்கிளின் கதை. அதிலும் மிகக் கடினமான பகுதி ஏறுவதன்று, இறங்குவது!

பழைய முயற்சிகள்

1888ஆம் ஆண்டு டன்லப் காற்றடைத்த ரப்பர் டயரை உருவாக்கினார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1897இல், அமெரிக்க இராணுவத்தின் 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பின வீரர்கள், லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் தலைமையில் மான்டானா மாநிலத்திலிருந்து செயின்ட் லூயிஸ் நகர்வரை ஏறத்தாழ 3,000 கி.மீ. சைக்கிளில் சென்றனர். வழியில் அவர்களை மிகவும் வாட்டியவற்றுள் ஒன்று, சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும் களிமண் சேறு. நம் கரிசல்காரர் பட்ட பாட்டை அவர்களும் பட்டார்கள்!

1950களில் பாரிஸ் நகருக்கு அருகே சில இளைஞர்கள் தங்கள் சைக்கிள்களைத் திருத்தியமைத்துக் காட்டுப் பாதைகளில் ஓட்டினர். ஆயினும் இவை எதுவும் தொடர்ந்து வளரவில்லை. வளர்ந்தது வேறோர் இடத்தில்.

கிரீஸ் புகைந்த பாதை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்ற மலைப்பாங்கான மாவட்டம் உள்ளது. 1970களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர், 1930, 40களில் செய்யப்பட்ட பழைய கனத்த சைக்கிள்களைத் தேடி வாங்கினர். பெரும்பாலும் ஷ்வின் நிறுவனத்தின் வண்டிகள். ஏறத்தாழ 5 செ.மீ. பருமனுள்ள தடித்த டயர்கள், வலுவான சட்டம். மட்கார்டையும் வேண்டாத பாகங்களையும் கழற்றி எறிந்துவிட்டு, மலைமேல் கொண்டுபோய் இறக்கத்தில் ஓட்டுவார்கள்.

1976 அக்டோபர் 21 அன்று, ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகில், காட்டுத்தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய ஒரு மண்பாதையில் முதல் போட்டி நடந்தது. பாதையின் நீளம் சுமார் 3 கி.மீ. அதற்குள் 400 மீட்டர் இறக்கம். வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். கீழே விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவரே! பின்னர் கேரி ஃபிஷர் என்பவர் அதே பாதையை 4 நிமிடம் 22 வினாடியில் கடந்து காட்டினார்.

அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர். 'மீண்டும் திணித்தல்' என்று பொருள். பெயர்க் காரணம் சுவையானது. அப்பழைய வண்டிகளில் பிரேக் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே இருந்தது. மிதிகட்டையைப் பின்புறமாக மிதித்தால் பிடிக்கும். மலையிறங்கி முடிப்பதற்குள் ஹப் பழுக்கக் காய்ந்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். அடுத்த முறை இறங்குமுன் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் திணித்தாக வேண்டும். நம் ஊர் சைக்கிள் கடையில் ஆண்டுக்கொரு முறை செய்கிற ஓவராலிங் வேலையை, அவர்கள் ஒவ்வோர் இறக்கத்திற்கும் செய்தார்கள்!

ஒரு சிறு கணக்கு

இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வந்தது? நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோகிராம் என்று கொள்வோம். 400 மீட்டர் உயரத்தில் அவற்றின் நிலையாற்றல் 100 × 9.8 × 400 = 3,92,000 ஜூல். கீழே வந்து நிற்கும்போது இது முழுவதும் வேறு வடிவம் எடுத்திருக்க வேண்டும். ஒரு பகுதி காற்றைத் தள்ளுவதிலும் கற்களில் குலுங்குவதிலும் செலவாகிறது. எஞ்சியது உராய்வால் பிரேக்கில் வெப்பமாகிறது. 3,92,000 ஜூல் முழுவதும் வெப்பமானால் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம்.

சமதரையில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லும் அதே வண்டியை நிறுத்த, பிரேக் ஏற்க வேண்டிய ஆற்றல் சுமார் 870 ஜூல்தான். அப்படியானால் ஒரு மலையிறக்கம், சமதரையில் 450 தடவை பிரேக் பிடிப்பதற்குச் சமம். அதுவும் ஐந்தே நிமிடங்களில்! பிரேக் புகையாமல் என்ன செய்யும்?

பழைய இரும்பிலிருந்து புதிய வண்டி

இளைஞர்கள் ஒவ்வொரு குறையாகத் தீர்த்தார்கள். பின்சக்கரத்தில் மட்டும் பிரேக் இருந்தால் போதாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது, பின்சக்கரம் பிடிப்பிழந்து வழுக்குகிறது. ஆகவே முன்சக்கரத்திலும் நல்ல பிரேக் பொருத்தினர். ஏற்றத்துக்குப் பல்லடுக்கு கியர்களைச் சேர்த்தனர். பழைய சட்டங்கள் உடைந்தபடியால், 1977இல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதுச் சட்டம் ஒன்றை உறுதியான உலோகக் கலவைக் குழாய்களால் செய்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிச்சி செய்த சட்டங்களைக் கொண்டு 'மவுன்டன் பைக்ஸ்' என்ற பெயரில் கடை தொடங்கினர். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் 'ஸ்டம்ப்ஜம்பர்' பெருமளவில் உற்பத்தியாகிச் சந்தைக்கு வந்தது.

அடுத்த சிக்கல் குலுக்கல். சக்கரம் கல்லில் மோதி எகிறினால் தரையைத் தொடாது. தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. பால் டர்னர் உருவாக்கி 1989இல் வெளிவந்த ராக்‌ஷாக்ஸ் போர்க் காற்றும் எண்ணெயும் கொண்டு அதிர்ச்சியை விழுங்கியது. அது சுமார் 5 செ.மீ. அமுங்கியது, இன்றைய மலையிறக்க வண்டிகளில் இருபுறமும் ஏறத்தாழ 20 செ.மீ. அமுங்கும்.

1990களின் பிற்பகுதியில் டிஸ்க் பிரேக் பரவியது. ரிம்மில் சேறும் தண்ணீரும் படும். பிரேக் கட்டை வழுக்கும். டிஸ்க் அச்சுக்கு அருகில், சேற்றுக்கு எட்டாத உயரத்தில் சுழல்கிறது. வெப்பத்தைக் காற்றில் எளிதாக விட்டுவிடுகிறது.

இரு கிளைகள்

1990இல் கொலராடோ மாநிலத்தின் துராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி நடந்தது. இதில் 'டவுன்ஹில்' என்னும் மலையிறக்கப் பிரிவில் அமெரிக்காவின் கிரெக் ஹெர்போல்டும், கனடாவின் சிண்டி டிவைனும் வென்றனர். ஒவ்வொருவராக இறங்க வேண்டும். குறைந்த நேரம் எடுத்தவர் வெற்றியாளர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் இடம்பெற்றது. ஆனால் ஏற்றமும் இறக்கமும் கலந்த ஓட்டம் மட்டுமே. 2024 பாரிஸ் வரையிலும் மலையிறக்கம் சேர்க்கப்படவில்லை.

மற்றொரு கிளை 'ஃப்ரீரைடு'. இதில் கடிகாரம் முக்கியமன்று. எந்த வழியாக, எப்படித் தாவி இறங்குகிறார் என்பதே முக்கியம். கனடாவின் வான்கூவருக்கு வடக்கேயுள்ள ஈரக்காடுகளில், சேற்றையும் வேர்களையும் கடக்க மரப்பலகைப் பாலங்கள் அமைத்து ஓட்டியதில் இது வளர்ந்தது. 2001இல் யூட்டா மாநிலத்தின் செம்பாறைச் சரிவுகளில் 'ரேம்பேஜ்' போட்டி தொடங்கியது. 2024இல்தான் அதில் முதன்முறையாகப் பெண்கள் பிரிவு சேர்க்கப்பட்டது. நியூசிலாந்தின் ராபின் கூம்ஸ் வென்றார்.

நமக்கு என்ன?

இந்தியாவில் 2005இல் இமாச்சலப் பிரதேச மலைகளில் பலநாள் சைக்கிள் போட்டி தொடங்கியது. நம் கரிசல் வட்டாரத்தில் கழுகுமலை, குருமலை போன்ற சில குன்றுகளை விட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் சமதரைதான். ஆனால் தடித்த டயரும், ஸ்பிரிங் வைத்த போர்க்கும் உள்ள சைக்கிள்கள் இன்று எங்கும் வந்துவிட்டன. அவற்றின் தோற்றத்தைக் கண்டு, 'இது மலைக்கேற்ற வண்டி' என்று நம்பும் பிள்ளைகள் உண்டு. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். தோற்றம் மலைச் சைக்கிளாக இருக்கலாம். பிரேக் சமதரைக்குரியதாக இருக்கலாம். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இடைவிடாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால், ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். இறங்குமுன் கட்டையையும் கம்பியையும் சோதியுங்கள், வேகம் கூடுமுன்பே பிடியுங்கள், இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள், தலைக்கவசம் அணியுங்கள்.

மரினில் புதிய வண்டியைப் படைத்தவர்கள் பெரிய ஆய்வுக்கூடங்களில் இருந்தவர்கள் அல்லர். பழைய இரும்பை வாங்கி, உடைந்ததை ஏன் உடைந்தது என்று கேட்டவர்கள். கிரீஸ் புகைந்தபோது முகம் சுளித்து விடாமல் ஹப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள். அடுத்த ஐப்பசியில் உங்கள் மட்கார்டில் கரிசல் அடைத்துக்கொண்டால், குச்சியால் சுரண்டும்போதே நீங்களும் கேட்டுப் பாருங்கள்: டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இன்னும் எத்தனை விரல் இடம் வேண்டும்?