மரக்குதிரையும் சவாரி மாடும்: இணுவிலின் மாரிகாலக் கொட்டில் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இணுவிலிற் பிறந்து வளர்ந்தவருக்குக் குதிரை என்பது பெரும்பாலும் மரத்தாலான ஒரு விலங்கு. கோயில்களின் வேட்டைத் திருவிழாவன்று சுவாமி குதிரை வாகனத்தில் ஆரோகணித்து வீதியுலா வருவார். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் பாவனையில் நிற்கும் அவ்வாகனத்தைத் தோளிற் சுமந்து, பாய்வது போலவே ஆட்டி அசைத்துக்கொண்டு இளைஞர் ஓடுவர். திருவிழா முடிந்ததும் அது வாகனசாலைக்குள் மீண்டுவிடும். இதே ஊரின் வளவுகளில், பனையோலையால் வேய்ந்த கொட்டில்களில், உயிருடன் நின்றவை மாடுகளே. கடவுளுக்குக் குதிரையும் கமக்காரனுக்கு மாடும் என்ற இப்பிரிவு தற்செயலானதா? யாழ்ப்பாணக் குடாநாட்டின் துறைமுகங்களிற் பல நூற்றாண்டுகளாகக் குதிரை இறங்கியிருக்க, அது ஏன் ஐந்தாறு கட்டைத் தொலைவிலுள்ள ஒரு கமக்காரனின் வளவுக்குள் நுழையவில்லை? இவ்வினாவுக்கான விடை அரண்மனைப் பதிவுகளில் மட்டும் இல்லை. மாரிகாலத்து மாட்டுக்கொட்டிலிலும் உண்டு.

ஈழத்து வரலாற்றிற் குதிரை கப்பலுடன் சேர்ந்தே தோன்றுகிறது. அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆட்சி புரிந்த சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும் குதிரை வாணிகன் ஒருவனின் மக்கள் என்றே மகாவம்சம் அறிமுகஞ் செய்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்துசேரும் பண்டங்களிற் கடல்வழி வந்த குதிரைகள் முதலிடம் பெறுகின்றன. இவையிரண்டையும்விட யாழ்ப்பாணத்தவர்க்கு நெருக்கமான சான்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டாகும். முதலாம் பராக்கிரமபாகு (1153 - 1186) பொறித்த இச்சாசனத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கே, வந்திறங்க வேண்டும் எனவும், அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கப்பட வேண்டும் எனவும் அது விதிக்கிறது. அடுத்து வரும் விதி நுணுகி நோக்கற்பாலது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. வேறு பண்டங் கொண்டுவரும் கலம் உடைந்தாற் செம்பாகம். மன்னன் குதிரை வணிகனுக்கு மட்டும் இத்துணைச் சலுகை காட்டியதன் காரணம் வெளிப்படை. குதிரை படைக்கு வேண்டும்; படை அரசுக்கு வேண்டும். அக்கலத்தில் வந்த குதிரை கரையிறங்கும் முன்னரே யாருடையது என்பது தீர்மானிக்கப்பட்டுவிட்டது எனலாம்.

எதிர்க்கரையான பாண்டிநாட்டின் நிலையும் இதுவே. திருவாதவூரர் குதிரை வாங்கப் பொன்னொடு பெருந்துறைக்குச் சென்ற கதையைத் தமிழர் யாவரும் அறிவர். பக்திக் கதையென்றே நாம் அதனைப் படிக்கிறோம். அரசின் கருவூலத்திற் பெரும்பங்கு குதிரைக்குச் சென்ற ஒரு காலத்தின் பொருளியற் குறிப்பாகவும் அதனைப் படிக்கலாம். 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் இறக்குமதியான குதிரைகளிற் பெரும்பாலானவை இறந்துபோயின என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் இங்கில்லை என்றும், அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி குதிரை வணிகரே பார்த்துக்கொண்டனர் என்றும் எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், இங்கு குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பாலும் கொடுக்கப்பட்டதை வியப்புடன் குறிக்கிறார். அந்நியரின் ஏளனம் இவற்றிற் கலந்திருக்கலாம். ஆயினும் வாழத் தெரியாத மண்ணில் ஒரு விலங்கை வாழவைக்க நெய்யும் பாலும் தேவைப்பட்டன என்ற செய்தி ஒதுக்கத்தக்கதன்று. நெய்யையும் பாலையும் குதிரைக்கு வார்க்கக்கூடிய கமக்காரன் எங்கே இருந்தான்?

1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தர் அவர்களை அகற்றினர். இவ்விரு சாராரும் குதிரையைக் கடலுக்கப்பாலிருந்து வாங்குவதோடு அமையாது, அதனை இங்கேயே பெருக்க முயன்றனர். அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட இடம் நெடுந்தீவு. டெல்வ்ற் என்று ஒல்லாந்தர் தம் நகரொன்றின் பெயரை அதற்கிட்டனர். யாழ்ப்பாணத்துக் கொமாண்டர் சுவார்தகுரூன் 1697 இல் எழுதிவைத்த நிருவாகக் குறிப்பு, யானை வாணிபத்தையும் புகையிலையையும் பற்றிப் பேசும் அதே முறையிற் கொம்பனியின் குதிரை வளர்ப்பையும் பேசுகிறது. வன்னிக்காட்டில் பிடிபட்ட யானை ஆனையிறவு வழியாக வந்து விலைப்பட்டுக் கப்பலேறிற்று. குதிரையோ தீவிற் பெருக்கப்பட்டது. இரண்டும் கொம்பனியின் கணக்கேட்டுக்குரியவை. ஆங்கிலேயர் 1795 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னரும் சில தசாப்தங்கள் இவ்வளர்ப்பு நீடித்தது. அதன்பின் இலாபமின்றிக் கைவிடப்பட்டது. முருகைக் கல்லாலான குதிரைலாயத்தின் இடிபாடு இன்றும் அங்குண்டு. லாயம் அழியக் குதிரைகள் எஞ்சின. அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் உரிமையாளரின்றித் தரவைகளில் மேய்கின்றன. மாரியிற் குளங்கள் நிறையக் கொழுத்து, சோளகக் காலத்தில் நீரின்றி மெலிந்து மடிகின்றன. 2015 இல் அப்பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அரசு மாறி அரசு வந்தும் இக்குதிரை குடியானவன் கைக்கு வரவேயில்லை.

இங்கே இணுவிலின் இலக்கியச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒல்லாந்தர் காலத்தவரான இணுவிற் சின்னத்தம்பிப் புலவர் பஞ்சவன்னத் தூது பாடியவர். நொண்டி நாடகம் ஒன்றும் இயற்றினார் எனக் கூறுவர். தமிழில் நொண்டி நாடகம் என்னும் வகைக்கு ஒரு பொதுக் கதையுண்டு. தீநெறிச் சென்ற ஒருவன் பொருளிழந்து குதிரை திருடப் புகுவான், பிடிபடுவான், கால் தறிக்கப்படும், பின் இறையருளால் மீண்டும் பெறுவான். சாதாரண மனிதன் குதிரையருகே செல்லும் ஒரேவழி திருட்டு. அதற்குரிய விலை கால். இதைவிடத் தெளிவாக ஒரு சமூக உறவை எந்தச் சாசனமும் சொல்லிவிடாது.

ஆயின் மாடு எவ்வாறு வளவுக்குள் வந்தது? இணுவில் செம்மண் பூமி. துண்டு துண்டான தோட்டங்கள், கிணற்றுநீர்ப் பாசனம், புகையிலை, மரக்கறி, ஓரளவு நெல். இத்தகைய கமத்துக்கு உழவும் எருவும் ஒருசேரத் தரும் விலங்கு வேண்டும். மாடு வைக்கோலையும் கிழித்த பனையோலையையும் உண்டு இரண்டையும் தந்தது. தானியம் கேட்கும் குதிரை கமக்காரனின் சோற்றிற் பங்கு கேட்பது போலாகும். இதிற் சுவையான ஒரு செய்தி, யாழ்ப்பாணத்தில் உயர்வாக மதிக்கப்பட்ட ‘வடக்கன்’ மாடுகளும் குதிரையைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கடல்வழி வந்தவை என்பது. கடல் கடந்த அந்நியம் ஒரு தடையன்று. எந்த விலங்கு யாருடைய உற்பத்தியில் இணைந்தது என்பதே கேள்வி.

மாடு வந்ததோடு குதிரையின் ஒரு பங்கும் கூடவே வந்தது. அதுதான் சவாரி என்ற சொல். பாரசீகத்திற் குதிரையேறுபவனைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்து, இந்துஸ்தானி வழியாகத் தமிழில் வழங்கும் இச்சொல், யாழ்ப்பாணத்திற் ‘சவாரி’ என்று வாளா சொன்னால் மாட்டுவண்டிற் போட்டியையே குறிக்கும். குதிரையின் பெயரைச் சுமந்து மாடு ஓடிற்று. அரிவி வெட்டு முடிந்து வயல் வெறுவெளியான பின், தைப்பொங்கலை ஒட்டித் தொடங்கும் சவாரிகளில், இரண்டு வண்டில்கள் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று முந்த விடப்படும். ஒவ்வொன்றிலும் ஒரு சோடி. வலத்தனும் இடத்தனும் ஒரே கால்வைப்பில் வராவிடின் எத்துணை வலிமையும் வீண். எனவே சவாரி திடலில் வெல்லப்படுவதில்லை. அதற்கு முந்திய மாரியில், கொட்டிலில் வெல்லப்படுகிறது.

மாரி ஐப்பசியிற் பிறக்கும். குடாநாட்டின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி கார்த்திகை, மார்கழிக்குள் பெய்துவிடும். ஒழுங்கைகள் வாய்க்கால்களாகும். வாடைக்காற்று ஓலைக் கூரையைத் தூக்கிப் பார்க்கும். இக்காலத்திற் கொட்டிலின் நாள் விடியலுக்கு முன்னரே தொடங்கும். முதல் வேலை நிலத்தைப் பார்ப்பது. சாணமும் சலமும் தேங்கிய ஈரநிலத்தில் இரவு முழுதும் நின்ற மாட்டுக்குக் குளம்பிடுக்கிற் புண்வரும். புண்பட்ட மாடு தையில் ஓடாது. சாணம் வாரிக் குப்பைக்குச் செல்லும்; அது மறுபோகத்து எரு. ஈரம் உறிஞ்ச மணலோ உமியோ பரப்பப்படும். குளம்பைத் தூக்கிப் பிளவுக்குள் விரல்விட்டுப் பார்த்து, வேண்டுமிடத்து வேப்பெண்ணெய் பூசப்படும். வாடைப் பக்கத்துக்கு ஓலைத்தட்டி கட்டப்பட்டிருக்கும். காற்றுத் திரும்பினால் தட்டியும் இடம்மாறும்.

அடுத்தது தீனி. வைக்கோற்போரின் மேற்புறம் மழையில் நனைந்திருக்கும். அதை நீக்கி உட்புறத்து உலர்ந்த வைக்கோலை உருவி, உதறிப் போட வேண்டும். பூஞ்சணம் பிடித்ததைத் தின்ற மாடு வயிறூதிக் கிடக்கும். பனையோலையை ஈர்க்கு நீக்கிக் கிழிப்பது மாலை வேலை. அது முதியோர்க்கும் பிள்ளைகளுக்கும் உரியது. சவாரி மாட்டுக்கு இதற்கு மேலாகத் தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு, ஊறவைத்து அரைத்த பருத்திக்கொட்டை, உழுந்து எனச் சிறப்புத் தீனி உண்டு. அவற்றை ஊறவைப்பதும் அரைப்பதும் வீட்டுப் பெண்களின் கைவேலை. குழந்தைக்கு இல்லாத உழுந்து மாட்டுக்கு உண்டு என்ற முணுமுணுப்புப் பல வீடுகளில் எழுந்திருக்கும். அதனைப் பதிவு செய்தவர் எவருமில்லை.

மழைவிட்ட நாட்களில் மாடுகள் வெளியே நடத்தப்படும். ஓடவிடுவதில்லை. நுகத்தைக் கழுத்தில் வைத்து, சில வேளை வண்டிலும் பூட்டாமல், ஒழுங்கையில் இரண்டையும் ஒத்த நடைக்குப் பழக்குவர். மார்கழியிற் புகையிலைத் தோட்டம் பண்படுத்த உழவு வரும். சவாரிக்கென வைத்த மாட்டை ஏரிற் பூட்டலாமா என்பது உடையவனின் வசதியைப் பொறுத்தது. வசதியுள்ளவன் பூட்டமாட்டான், இல்லாதவன் பூட்டித்தானாக வேண்டும். திடலிற் காணப்பட்ட வேற்றுமையின் தொடக்கம் இங்கேயே. மாலையில் ஈரத்தில் வந்த மாட்டைத் துணியாலோ வைக்கோற் பிரியாலோ துடைத்துக் கட்டி, நுளம்புக்கும் உண்ணிக்கும் உமியும் வேப்பங்குழையும் இட்டுப் புகைமூட்டம் போடுவர். இப்புகையின் மணமே மாரிகால யாழ்ப்பாணத்தின் அந்திமணம். இரவில் மழை வலுத்தால் ஒருவர் எழுந்து போய்க் கட்டை மாற்றிக் கட்டவும் வேண்டும்.

உலகின் பிறவிடங்களில் ஓட்டக் குதிரைகளுக்கு நடைபெறுவதும் ஏறத்தாழ இதுவே. இங்கிலாந்தின் நியூமார்க்கற்றிலும், 1777 முதல் ஓட்டம் நடந்த சென்னைக் கிண்டியிலும், 1875 இல் திடல் அமைந்த நுவரெலியாவிலும் லாயத்தின் நாள் இருளிலேயே தொடங்கிற்று. சாணம், குளம்பு, தீனி என்ற வரிசையிலேயே நடந்தது. வேறுபாடு ஒன்று முக்கியமானது. சென்னையில் மாரிகாலமும் அதனையடுத்த குளிர்காலமும் ஓட்டத்தின் பருவம். இணுவிலில் அவை காத்திருப்பின் பருவம். அங்கே கமத்தின் நாட்காட்டி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தவில்லை. குதிரையை உடையவர் வேறு, பயிற்றுபவர் வேறு, ஏறுபவர் வேறு, கூலிக்குத் துடைப்பவர் வேறு. இணுவிற் கொட்டிலில் இவை ஒரு குடும்பத்துக்குள் அடங்கின என்று மகிழ்ந்துவிடவும் இயலாது. பெரிய கமக்காரரின் கொட்டில்களில் சாணம் வாரியோர் அவர்களது குடிமக்களும் கூலியாட்களுமே. திடலில் முழங்கிய பெயர்களில் அவர்களுடைய பெயர் இல்லை. சவாரியை ‘கிராமிய ஒற்றுமையின் விழா’ என்று எழுதுவோர் இதனைக் கவனிப்பது நன்று.

மாட்டின் பக்கமிருந்தும் ஒன்று கூறவேண்டும். மாரி முழுதும் குளம்பிடுக்கில் எண்ணெய் பூசிய அதே கை, தையில் ஆணி பொருத்திய துவரங்கம்பை ஏந்துகிறது. இது முரண் என்று உடையவர்கள் ஒப்பவில்லை. ஓடாத மாடு மாடன்று என்பது அவர்களது நியாயம். புண்ணோடு வீடு திரும்பும் மாட்டைக் கண்ட பின் அந்நியாயத்தை ஏற்பது கடினம்.

உழவு இயந்திரத்தின் வருகை, சிறப்பாக ‘லான்ட்மாஸ்ரர்’ எனப்பட்ட இருசில்லு இயந்திரத்தின் பரவல், கொட்டிலின் அடிப்படையை அசைத்தது. உழவும் வண்டிலும் இயந்திரத்துக்குச் சென்றபின் எஞ்சியது ஓடுவதற்கென்றே வளர்த்த மாடு. கமத்திலிருந்து பிரிந்த அம்மாடு, ஒரு வகையில், குதிரையாகிவிட்டது: செலவுக்குரியது, பெருமைக்குரியது, உற்பத்திக்கு வேண்டாதது. அதன்மேல் போர் வந்தது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது மாரி தொடங்கியிருந்தது. மழையில் நனைந்தவாறு தென்மராட்சி நோக்கிச் சென்ற மக்கள்திரளில் மாட்டைக் கொண்டுசெல்ல வழியில்லை. கட்டிலே விட்டாற் பட்டினி. அவிழ்த்துவிட்டால் யாரும் பிடிக்கலாம். பலர் அவிழ்த்துவிட்டே புறப்பட்டனர். அடுத்த ஆண்டின் சித்திரையிலிருந்து மக்கள் திரும்பினர். போர் ஓய்ந்த பின் சவாரிகள் மீண்டும் நடைபெறுகின்றன. வடமாகாணத்தின் பல ஊர்களிலிருந்தும் சோடிகள் வருகின்றன. ஆனால் வளவுதோறும் நின்ற கொட்டில் மீளவில்லை. ஐப்பசி மழையில் அந்திக்குப் புகையெழும் வளவுகள் இணுவிலில் இப்போது ஆங்காங்கே சிலவே உள்ளன.