தொடையிடுக்கின் வழியை அடைத்தல்: திருமுக்கூடல் சாசனமும் நுண்துளைச் சிகிச்சையும்

தொடையிடுக்கில் தோன்றும் குடலிறக்கத்துக்குத் திறந்த சத்திரசிகிச்சையே மேலானது, லேப்ராஸ்கோப்பி என்னும் நுண்துளைச் சிகிச்சை அதனினும் தாழ்ந்தது என்னும் அபிப்பிராயம் வலுப்பெற்றதற்கு, லீ நியூமேயரும் அவர் குழுவினரும் 2004ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒரு பெருங்காரணம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்க்கான 14 மருத்துவமனைகளில், இருசாரார்க்கும் செயற்கை வலை பொருத்தி, ஈராண்டு காலம் பின்தொடர்ந்து கண்டதில், நுண்துளை முறையில் 10.1 விழுக்காட்டினருக்கும் திறந்த முறையில் 4.9 விழுக்காட்டினருக்கும் இறக்கம் மீண்டது; சிக்கல்களும் முன்னதில் 39.0, பின்னதில் 33.4 விழுக்காடு. அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. எண்களில் எனக்கு ஐயமில்லை. எண்களுக்குக் கூறப்பட்ட பொருளிலேயே நான் மாறுபடுகிறேன்.

அவ்வாராய்ச்சியை மேற்கோள் காட்டுவோர் பெரிய கீறலையும் சிறிய துளைகளையும் எதிரெதிரே நிறுத்துகின்றனர். இரண்டுக்கும் உள்ள மெய்யான வேற்றுமை காயத்தின் அளவன்று. குடல் புறப்படும் வாயை வயிற்றுச் சுவரின் முன்புறமிருந்து அடைப்பதா, பின்புறமிருந்து அடைப்பதா என்பதே. திறந்த முறையாகிய லிக்டென்ஸ்டைன் முறையில் வலை சுவரின் முன்னே படிகிறது. நுண்துளை முறையில் சுவருக்கும் வயிற்றறைச் சவ்வுக்கும் இடையே படிகிறது. இதை மனத்திற் கொண்டு படித்தால், தலைப்பெண்ணால் மறைக்கப்பட்ட வேறோர் இணை கண்ணில் படும்: முன்னரே ஒருமுறை சிகிச்சை பெற்று, இறக்கம் மீண்டு வந்தவர்களிடையே நுண்துளை முறையில் 10.0, திறந்த முறையில் 14.1 விழுக்காடு. இவ்வேற்றுமை புள்ளியியல் நிரூபணத்தின் எல்லையை எட்டவில்லை என்பதை மறைக்கமாட்டேன். ஆயினும் முன்வழி வடுவேறிக் கிடக்கப் பின்வழி கத்திபடாமல் இருப்பது உடற்கூறு அறிந்தவர் எவரும் ஒப்பும் காரணம் ஆகலின், எண் சிறிதென்று அதைத் தள்ளிவிடுதல் முறையாகாது. இன்னொன்று: 25 நுண்துளைச் சிகிச்சைகள் செய்தவரே அவ்வாராய்ச்சியில் கலந்துகொள்ளத் தகுதி பெற்றனர், 250க்கு மேல் செய்தவர்களிடமோ, முதன்முறை இறக்கங்கள் மீளும் விகிதம் 5 விழுக்காட்டுக்கும் கீழே நின்றது. அங்கே அளக்கப்பட்டது பெரும்பாலும் கைப்பழக்கமே என்பது என் துணிபு.

வழியை அடைத்தல் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. சுசுருத சம்ஹிதையின் காலம் இன்றும் தீராத வழக்கு. அறிஞர்தம் கணிப்புகள் பல நூற்றாண்டுகள் வேறுபடுகின்றன. அதன் சிகிச்சா ஸ்தானம், குடல் அண்டகோசத்தை எட்டிவிட்டால் கைவிடுமாறும், தொடையிடுக்கிலேயே நின்றால் பாதிமதி வடிவான சூட்டுக்கோலால் சுட்டு வழியை மறிக்குமாறும் விதிக்கிறது. அதுவும் முன்வழியே.

காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டிலிருந்து பாலாற்றோடு கீழ்நோக்கிச் சென்றால், வேகவதியும் செய்யாறும் வந்து கலக்கும் திருமுக்கூடலை அடையலாம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் சாசனம் ஒன்று இருக்கிறது, கே. வி. சுப்பிரமணிய ஐயர் எபிகிராபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் பதிப்பித்தது. 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையில் வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், ‘சல்லியக்கிரியை பண்ணுவான்’ ஒருவனுக்கு 30 கலம் நெல்லும் நிவந்தம். அதாவது அவருக்கு நாளொன்றுக்கு முக்குறுணி, இவனுக்குக் குறுணி. மூன்றில் ஒரு பங்கு நெல்லைக் கண்டு சத்திர வைத்தியன் வெறும் உதவியாளன் என்று முடிவுகட்டுவது எளிது. கத்தி பிடிக்கும் நாவிதனுக்கும் அங்கே தனி நிவந்தம் உண்டு. அவ்வாறிருந்தும் சல்லியக்கிரியைக்கென்று வேறொருவனை வைத்தார்கள் எனில், அத்தொழிலுக்குப் பழகிய தனிக் கை வேண்டும் என்று கருதினார்கள் என்பதே பொருத்தம்.

அங்கே குடலிறக்கம் பார்க்கப்பட்டதா? சாசனம் நோய்ப்பெயர் சொல்லவில்லை. ஆனால் அதன் மருந்துப் பட்டியலில் பலாகேரண்ட தைலம் உண்டு. அதே நூற்றாண்டில் வங்கத்தில் வாழ்ந்த சக்கரபாணிதத்தர், குடலிறக்கமாகிய அந்திரவிருத்திக்குச் சிற்றாமுட்டி இட்டுக் காய்ச்சிய பாலோடு ஆமணக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். சாசனத்துத் தைலப் பெயரின் முற்பகுதி சிற்றாமுட்டியாகிய பலையையே குறிக்கிறதா, வேறொரு நறுமண வேரையா என்பது முடிவாகவில்லை; பலையே என்று கொள்வதில் எனக்குச் சாய்வு உண்டு, உறுதி இல்லை.

பிற்கால வரலாறு யாவரும் அறிந்ததே. பஸ்ஸீனி, 1887இல் வெளியிட்ட முறையில், முன்வழியாகவே சென்று தசைகளை இழுத்துத் தைத்துத் தொடையிடுக்குக் கால்வாயின் பின்சுவரைப் புதுப்பித்தார். இழுவிசையின்றி வலை பொருத்தும் முறையை லிக்டென்ஸ்டைன் 1989இல் வெளியிட்டார். பின்வழியோ 1920இல் சீட்டிலும் 1936இல் ஹென்றியும் திறந்த கீறலாலேயே கண்டது. 1990களின் நுண்துளை வல்லுநர் அதே வழியில் கருவியை மாற்றிச் சென்றனர். ஆகவே நுண்துளை முறையைத் திறந்த முறையின் போட்டியாளன் என்பதினும், பின்வழியின் வாரிசு என்பதே தகும். 2018இல் வெளிவந்த சர்வதேச நெறிமுறைகளும் முன்வழியில் தோற்றால் பின்வழியையும், பின்வழியில் தோற்றால் முன்வழியையும் நாடச் சொல்லி, இருபக்க இறக்கத்துக்கு நுண்துளையைப் பரிந்துரைத்து, ஏனையவற்றில் சிகிச்சையாளரின் தேர்ச்சியையும் கருதச் சொல்கின்றன.

குழித்தறியில் மிதி மிதிக்க விரைந்து திரும்ப வேண்டிய நெசவாளர், நாள் குறைவு கருதி மட்டும் முறையைத் தெரிய வேண்டா; நியூமேயர் கணக்கிலேயே அந்த ஆதாயம் ஒரே நாள். மயக்க மருந்துக்கு உடல் தாங்காதவருக்கு அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து திறந்த முறையில் முடிப்பதே நலம். மற்றையோர், இந்த முறையைத் தாங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று மருத்துவரைத் தயங்காமல் கேட்டறிந்து, அதன்பின் இசைவு தருக.