வாழைமேல் உட்கார்ந்த பறவை

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 2004–05இல் இந்தியத் தொல்லியல் துறைக்காக தி. சத்தியமூர்த்தி நடத்திய அகழாய்வில் 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. கூடவே ஓர் உடைந்த பானை. களிமண்ணால் தனியே செய்து ஒட்டிய உருவங்கள் அதில் இருந்தன: ஒல்லியான, உயரமான பெண், வாழை, வாழைமேல் மீனைக் கவ்விய கொக்கு, மான், முதலை. அந்த அகழாய்வின் இரு மாதிரிகள் கி.மு. 905, கி.மு. 696 எனப் பின்னர் காலம் கணிக்கப்பட்டன.

இந்த விலங்குகளுக்கு அதே இடத்தில் முன்னோடி உண்டா? 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அடுத்த தடயம், பின்னர் அங்கே அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ தம் கண்டெடுப்புகளுக்குத் தந்த 1915ஆம் ஆண்டுப் பட்டியல். அதில் விலங்குகள் திரண்டிருப்பது வெண்கலப் பொருள்களில்தான். எருமை, ஆடு, சேவல். புலி, மான், யானை. பறக்கும் பறவைகளும் உண்டு. அந்த வரிசையில் முதலை இல்லை, மீன் இல்லை. வெண்கலத்தில் தொழுவமும் காடும் இருக்க, தாமிரபரணி ஆறு மண்பானையில்தான் ஏறியிருக்கிறது. குயவர் தம் கண்முன் ஓடிய ஆற்றைப் பானையில் ஒட்டியிருக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

பறவைதான் உறுத்தியது. மீன் தின்னும் பறவைகளோடு நாள் முழுதும் ஏரியில் கிடப்பவர்களைக் கேட்கலாமென்று பழவேற்காட்டுக்குப் போனேன். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு பெரியவர் பானையின் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“கொக்கு மீனப் புடிச்சா நின்ன எடத்துலயே முழுங்கிடும், தம்பி. மரத்துக்கு எடுத்துனு போறது மீன்கொத்தி.”

அப்படியானால் பானையில் இருப்பது கொக்குதானா? எந்த அறிக்கையிலும் நான் படிக்காத கேள்வி இது. மீன்கொத்தி இரையைக் கிளைக்குக் கொண்டுபோய் அடித்துத் தின்னும். குஞ்சுக்கும் அலகில் மீனோடுதான் பறக்கும். குயவர் கண்டது அதையா? அல்லது கொக்கென்று பார்ப்பவருக்குப் புரியவே மீனை வாயில் வைத்தாரா? வாழையும் முதலையும் மானும் நெருங்கி நிற்கும் காட்சியில் இரண்டாவதுதான் பொருந்துகிறது எனக்கு. ஆனால் அலகையும் கழுத்தையும் அளந்து பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

விலங்குகளை மண்ணில் வடித்தவர்கள் வேறிடத்திலும் உண்டு. பெருவில் பண்டைய மோச்சே குயவர்கள் வாத்து, நண்டு, கடல்சிங்கம் எனக் கலங்களை வனைந்தார்கள். அத்தகைய கலங்களை வைத்திருக்கும் லிமாவின் லார்கோ அருங்காட்சியகம் தன் சேமிப்பறையையே பார்வையாளருக்குத் திறந்து வைத்திருக்கிறது. பட்டியலை இணையத்திலும் தந்திருக்கிறது. ஆதிச்சநல்லூர்ப் பானையையும் எல்லாப் பக்கமும் தெளிவாகப் படமெடுத்து, அளவுகளோடு தொல்லியல் துறை இணையத்தில் வைக்க வேண்டும். பறவையியலாளரோடு பழவேற்காட்டு மீனவரையும் அழைத்து அதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.